ஊராட்சிப் பொறுப்பும் அழைப்புப் பணியும்

கோவளம் கடற்கரையில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று வழிவழியாகப் போற்றப்பட்டு வரும் தர்கா இருக்கின்றது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் போய்வருவோர் நன்கறிந்த இடம். சமய வேறுபாடின்றித் தாய்மார்கள் வந்து கூடுகின்ற இடமும் ஆகும். அங்கே ஃபாத்திஹா ஓதிச் செல்லும் நம் பெண்மக்கள் ‘அன்சாரி’ என்னும் அந்தப் பெயரின் பொருளை ஒரு கணம் சிந்திப்பார்களாயின், இன்று நம் ஜமாஅத்துகளில் விவாதிக்கப்படும் ஒரு கேள்விக்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அன்சாரிகள் என்போர் மதீனத்து மக்கள். மக்காவில் சொல்லொணாத் துன்பங்களுக்கு ஆளான பெருமானார் (ஸல்) அவர்களையும் அவர்தம் தோழர்களையும் ஏற்று ஆதரித்தமையால் ‘உதவியாளர்கள்’ என்ற பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த உதவிக்கு வித்திட்டது அகபா என்னும் கணவாயில் நிகழ்ந்த உடன்படிக்கை. கி.பி. 622-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில், குறைஷியரின் கண்ணுக்குத் தப்பி, நள்ளிரவில் அங்கே கூடியவர்கள் 73 ஆண்களும் 2 பெண்களும் என்று வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறிக்கின்றார். அவ்விரு பெண்மணிகளுள் ஒருவர் உம்மு உமாரா என்றழைக்கப்பெறும் நுஸைபா பின்த் கஅப் (ரலி). மற்றவர் அஸ்மா பின்த் அம்ரு (ரலி).

அன்றிரவு எடுக்கப்பட்ட உறுதிமொழி வணக்க வழிபாடுகளைப் பற்றியது மட்டுமன்று. தம் மனைவி மக்களைக் காப்பதுபோல் இறைத்தூதரைக் காப்போம் என்றும், இன்பத்திலும் துன்பத்திலும் கட்டுப்பட்டு நடப்போம் என்றும் அவர்கள் வாக்களித்தார்கள். ஊர் மக்களின் பொறுப்பாளர்களாகப் பன்னிரண்டு ‘நகீபு’கள் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அப்போதுதான். ஆகவே, மார்க்கமும் ஊர் நிருவாகமும் ஒருங்கே பேசப்பட்ட அவை அது. அந்த அவையில் இரு பெண்கள் இருந்தார்கள். ஆடவர்கள் கைபிடித்து உறுதி கூறினார்கள். பெண்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லால் மட்டுமே உறுதி பெற்றார்கள். பன்னிரு நகீபுகளுள் பெண் எவரும் இல்லை. இதையும் மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அவையை விட்டு அவர்கள் விலக்கப்படவில்லை. அவர்களுடைய வாக்கு வேறொருவர் வாயால் சொல்லப்படவும் இல்லை. அவ்வுறுதியை உம்மு உமாரா (ரலி) அவர்கள் எப்படி நிறைவேற்றினார்கள் என்பதை உஹதுக் களம் அறியும். அங்கே ஆடவர் பலர் சிதறியோடிய வேளையில் பெருமானாரைச் சூழ்ந்து நின்று காத்தவர்களுள் அவர்களும் ஒருவர். பிற்காலத்தில் யமாமாப் போரில் ஒரு கையையே இழந்தார்கள்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்து 2019 நவம்பர் 29-ஆம் நாள் செங்கற்பட்டு தனி மாவட்டமாக்கப்பட்டது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்களெல்லாம் அதனுள் அடங்கும். எட்டு ஊராட்சி ஒன்றியங்களும் 359 கிராம ஊராட்சிகளும் கொண்ட மாவட்டம் இது. பிரிவினை காரணமாக 2019 டிசம்பரில் இங்கு நடைபெறாமல் நின்றுபோன ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் நடந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. எனவே நம் தெருவின் வார்டு பெண்களுக்கென ஒதுக்கப்படுவது இனி அபூர்வச் செய்தியன்று; பாதிக்குப் பாதி நடக்கக் கூடியதே.

அவ்வாறு ஒதுக்கப்படும்போது ஜமாஅத்தில் எழும் குரல்கள் இரண்டு. ‘பெண்ணுக்குப் பொதுப்பதவி ஆகாது, நமக்கு வேண்டாம் இந்த வம்பு’ என்று விலகுவது ஒன்று. ‘பெயருக்கு ஒரு பெண்ணை நிறுத்துவோம், வேலையை அவள் கணவர் பார்த்துக்கொள்வார்’ என்பது மற்றொன்று. முதற்குரல் மார்க்க அச்சத்தால் எழுவது; அதற்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். இரண்டாவது குரலைத்தான் நான் மிகவும் அஞ்சுகின்றேன். ஏனெனில், மார்க்கப் பேணுதல் என்ற போர்வையிலேயே மார்க்கம் தடுத்த ஒன்றை அது செய்ய வைக்கின்றது.

முதலில் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். தங்கள் காரியங்களைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமுதாயம் வெற்றி பெறாது என்ற கருத்தில் அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி ஷரீஃபில் இருக்கின்றது. ஆதாரமான ஹதீஸ்; அதைத் தட்டிக் கழிக்க நமக்கு உரிமையில்லை. பாரசீகப் பேரரசர் கிஸ்ராவின் மகளை அந்நாட்டினர் அரியணை ஏற்றிய செய்தி எட்டியபோது சொல்லப்பட்டது அது. அரியணை என்றால், சொன்னதே சட்டம், கேட்பாரில்லை. நாட்டின் முழுத் தலைமையைப் பெண் ஏற்பது குறித்து நம் இமாம்களின் பெரும்பான்மைக் கருத்து என்ன என்பது மதரஸாவில் ஓதிய எவருக்கும் தெரியும்.

ஆனால் ஊராட்சி வார்டு உறுப்பினர் கலீஃபாவுமல்லர், காஸியுமல்லர். அவர் தெரு மக்களின் வகீல். அவர்களுடைய தேவையை எடுத்துரைத்து, பலரோடு அமர்ந்து ஆலோசித்து, ஒரு தீர்மானத்துக்குக் கைதூக்குபவர். பெண் வகீலாக இருக்கலாம் என்பதில் ஃபிக்ஹு நூல்களில் கருத்து வேறுபாடில்லை. ஆலோசனை சொல்லலாமா என்ற கேள்விக்கு ஹுதைபிய்யாவில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழங்கிய ஆலோசனையே விடை. தோழர்களெல்லாம் துயரத்தால் செயலற்று நின்றபோது, என்ன செய்யலாம் என்று அன்னையார் கூறினார்கள்; பெருமானார் (ஸல்) அவர்கள் அப்படியே செய்தார்கள்; தோழர்கள் பின்பற்றினார்கள்.

இந்த நாட்டின் ஹனஃபி உலமாக்களுள் பெரிதும் மதிக்கப்படுபவரும் 1943-இல் மறைந்தவருமான மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்களிடமும் இந்த ஹதீஸைப் பற்றியே கேட்கப்பட்டது. தனியாட்சியையும் மக்களாட்சியையும் அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். மக்களாட்சி முறையில் தலைமையில் இருப்பவர் உண்மையில் ஆலோசனைக் குழுவின் ஓர் உறுப்பினரேயாவார். ஆலோசனை கூறும் தகுதி பெண்ணுக்கு உண்டு. எனவே இந்த ஹதீஸின் எச்சரிக்கைக்குள் அது வராது என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம். ஸபா நாட்டு அரசியைப் பற்றித் திருமறையின் 27-ஆம் அத்தியாயம் கூறுவதையும் அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். அவ்வரசி தன் அவையினரைக் கலந்துகொள்ளாமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று அங்கே வருகின்றது. நாட்டுத் தலைமையைப் பற்றியே இப்படியொரு விளக்கம் இருக்கும்போது, திருப்போரூர் ஒன்றியத்து ஊராட்சியொன்றின் ஆறாவது வார்டைப் பற்றி நாம் ஏன் நடுங்க வேண்டும்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை மதீனத்துக் கடைவீதிக்கு மேற்பார்வையாளராக நியமித்தார்கள் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகின்றது. இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இதைக் குறிப்பிட்டிருக்கின்றார்கள். மாலிகி மத்ஹபின் இப்னுல் அரபி அவர்களோ இதை மறுத்திருக்கின்றார்கள். ஆகவே இந்த ஒன்றின்மீது முழுப் பாரத்தையும் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் ஷிஃபா (ரலி) அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதும், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்தறிவு தந்தவர்கள் என்பதும் அபூதாவூதில் வருகின்ற செய்தி. நமக்கு இப்போது அதுதான் முக்கியம். ஏனென்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டு ஊராட்சி முறையில், ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் இருவரும் ஒப்பமிட வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் உறுப்பினர்கள் கையெழுத்திடுகின்றார்கள். குழாய் பதித்ததற்கு, தெருவிளக்கு மாற்றியதற்கு, வாய்க்கால் தூர் எடுத்ததற்கு எனச் செலவுச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றின் கீழ் ஒரு பெண்ணின் கையெழுத்து இருக்கின்றது என்றால், ‘இந்த வேலை நடந்தது, இவ்வளவு செலவாயிற்று, இதை நான் அறிவேன்’ என்று அவள் சாட்சி சொல்லுகின்றாள் என்று பொருள். நம் மொழியில் சொன்னால், அது ஷஹாதத்.

வேலையைப் பாராமல், தாளைப் படிக்காமல், கணவர் நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டால் அந்தச் சாட்சியத்தின் நிலை என்ன? இணை வைத்தலையும் பெற்றோரை நோவினை செய்தலையும் பெரும்பாவங்களாக எடுத்துரைத்துக்கொண்டிருந்த பெருமானார் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையை விட்டு எழுந்தமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள்; அவர்கள் நிறுத்திவிடமாட்டார்களா என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குக் கூறினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். முக்காட்டின் நீளத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், முக்காட்டுக்குள்ளிருந்து நீண்டு வந்து படிக்காத தாளில் கையெழுத்திடும் அந்தக் கையைப் பற்றி ஒரு ஜும்ஆவிலாவது பேசியிருக்கின்றோமா?

‘அவருக்கு இதெல்லாம் தெரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் கணவர்மாருக்கும் ஒன்று. மனைவியின் பெயரில் மஹர்ப் பணமோ நகையோ இருந்தால் அவள் இசைவின்றி அதைத் தொட உங்களுக்கு உரிமையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். ஊர் மக்கள் வாக்களித்து அவளிடம் ஒப்படைத்த அமானிதம் அதைவிடக் கனமானது. அது உங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. அமானிதங்களை உரியவர்களிடமே சேர்ப்பியுங்கள் என்ற கருத்தில் திருமறை 4-ஆம் அத்தியாயம் 58-ஆம் வசனம் இடும் கட்டளை ஊராட்சி முத்திரைக்கும் பொருந்தும். கணக்கைச் சொல்லித் தாருங்கள், அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், வாசலில் காத்திருங்கள், அனைத்தும் நன்மையே. அவருடைய நாற்காலியில் மட்டும் அமராதீர்கள்.

இப்படிப் பெயருக்கு நிறுத்தப்பட்ட பெண்மணி தாமாகவே எழுந்து நின்ற நிகழ்ச்சியும் நம் மாநிலத்தில் உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 2001-இல் உள்ளாட்சித் தலைமைப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, போட்டியிட விரும்பியிருந்த கணவருக்குப் பதிலாகத்தான் எழுத்தாளர் ஸல்மா நிறுத்தப்பட்டார். இளம் வயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வளர்ந்தவர். வென்று, பதவியைத் தாமே நடத்தி, பின்னர் சமூக நல வாரியத் தலைமை வரை சென்று, 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். அவருடைய எழுத்துகளில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. அது வேறு விவாதம். ஆனால் கணவருக்கு மாற்றாக வந்தவர் கணவரின் நிழலாக நின்றுவிடவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை.

அழைப்புப் பணியிலிருந்தே ஊர்ப் பொறுப்புக்கு வந்தவருக்குச் சான்று வேண்டுமானால் சென்னை எழும்பூர்ப் பகுதியைப் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் 61-ஆவது வார்டிலிருந்து முஸ்லிம் லீகின் சார்பில் வென்றவர் ஃபாத்திமா முஸஃபர். மார்க்க மேடைகளில் பல்லாண்டு உரையாற்றியவர். லீகின் மகளிர் அணியை வழிநடத்தியவர். தந்தையார் சிராஜுல் மில்லத் ஆ.கா.அ. அப்துல் ஸமது ஸாஹிப். பாட்டனார், திருக்குர்ஆன் முழுவதையும் முதன்முதலில் தமிழாக்கித் தந்த மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள். பாட்டனார் இறைவேதத்தைத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தார். பேத்தி, கழிவுநீரடைப்பையும் குப்பைத் தொட்டியையும் பற்றி மாமன்றத்தில் பேசும் பொறுப்பை ஏற்றார். இதைத் தாழ்வாக எண்ணுவோர், பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிமொழி எண்ணியிருப்பதை நினைவு கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தச் சான்றிலேயே நமக்கு ஒரு வெட்கமும் இருக்கின்றது. 1948 மார்ச்சில் இதே சென்னையில் காயிதே மில்லத் அவர்களின் தலைமையில் தொடங்கிய அக்கட்சியின் தேசியக் குழுவில் பெண்கள் பொறுப்பேற்றது 2025-இல்தான். ஃபாத்திமா முஸஃபரும், கேரளத்தைச் சேர்ந்த ஜெயந்தி ராஜனும். இடையில் 77 ஆண்டுகள். நம் ஜமாஅத் நிருவாகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. புதுக்கோட்டை தாவூது ஷரீஃபா கானம் அவர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைத்தபோது உலமாக்கள் பலர் சினந்தார்கள். தனி ஜமாஅத், தனிப் பள்ளிவாசல் என்ற தீர்வை நானும் ஏற்றவனல்லன். எனினும், தலாக் வழக்கில் மனைவியை அழைக்காமலே ஆடவர்கள் கூடி முடிவு சொல்லுகின்றார்களே என்ற அவருடைய முறையீட்டுக்கு என்ன விடை சொன்னோம்? தன் கணவரைப் பற்றி முறையிட வந்த கவ்லா (ரலி) அவர்களின் வழக்காடலை ஏழு வானங்களுக்கு மேலிருந்து இறைவன் செவியேற்றான். அந்த அத்தியாயத்துக்கே ‘முஜாதலா’ என்று பெயர் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் காதில் மட்டும் ஏனோ விழுவதில்லை.

செங்கற்பட்டுப் பக்கத்திலும் கடற்கரை ஊர்களிலும் அழைப்புப் பணியாற்றும் பெண்மக்கள் இன்று பெருகியிருக்கின்றார்கள். மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுப் பெண்கள், பெண்கள் அரபிக் கல்லூரியில் பயின்று வந்த ஆலிமாக்கள், வாரந்தோறும் ஒரு வீட்டில் பயான் நடத்துகின்ற தாய்மார்கள். இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆடவர்களே தங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள் என்று மதீனத்துப் பெண்கள் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒதுக்கித் தந்தார்கள். இன்றைய பெண்கள் பயானின் வேர் அங்கே இருக்கின்றது.

இப்படி வீடு வீடாகச் செல்லும் பெண்மணிக்கு ஊர் நிலை எந்த ஆடவரையும்விட நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் விதவைக்கு உதவித்தொகை நின்றுபோயிற்று, எந்தக் குமருக்கு நிக்காஹ் தடைப்பட்டிருக்கின்றது, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, யார் வீட்டுக் கிணறு உப்பேறிவிட்டது என்பதையெல்லாம் அவள் அறிவாள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகின்றார்கள். அதே கரையில் குடிநீர்க் கவலையும் இருக்கின்றது. தம் அன்னைக்காகச் செய்யத்தக்க சிறந்த தருமம் எதுவென்று ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்றே விடை வந்தது. அவர்களும் கிணறு தோண்டினார்கள். இந்த ஹதீஸைப் பயானில் சொல்லிவிட்டு, குடிநீர்க் குழாயைப் பற்றிக் கிராம சபையில் வாய் திறவாமல் இருப்பது பொருந்துமா?

கிராம சபை என்றவுடன் ஒரு செய்தி. அதில் பேசுவதற்குப் பதவி எதுவும் தேவையில்லை. அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினரே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்று அரசு அறிவித்தது. தேர்தலில் நிற்கத் தயங்கும் பெண்மக்கள், நான்கைந்து பேராகச் சேர்ந்து சென்று, தங்கள் தெருவின் குறையை எழுதிக் கொடுத்து, அது தீர்மானமாகப் பதிவாகின்றதா என்று பார்த்து வரலாம். மன்ற உறுப்பினராவதற்கு இதைவிட நல்ல பயிற்சியும் கிடையாது.

ஆயினும், பயானையும் பதவியையும் ஒரே பெண்மணி சுமக்கும்போது இரண்டையும் கலந்துவிடக்கூடிய இடங்கள் உண்டு. அவற்றில்தான் கண்டிப்பு வேண்டும்.

ஒன்று, மதரஸாவும் பயான் கூட்டமும் வாக்குக் கேட்கும் இடமாகிவிடலாகாது. ஓதவரும் பிள்ளையின் தாயிடம், ‘என் சின்னம் இன்னது’ என்று ஒரு உஸ்தாதுப் பெண் சொன்னால், அந்தத் தாய் மறுக்க முடியாத நிலையில் இருக்கின்றாள். பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பவர் என்ற மரியாதையை வாக்காக மாற்றுவது அது. நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கின்றது. வழிபாட்டிடங்களை அரசியல் வேலைக்குப் பயன்படுத்தலாகாது என்று 1988-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கின்றது. சட்டம் இல்லாவிட்டாலும், அல்லாஹ்வுக்காகக் கூடிய அவையில் தனக்காக ஒன்றைக் கேட்பது தக்வாவுக்குப் பொருந்தாது. வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து வாக்குப்பதிவு முடியும் வரை அவர் பயான் செய்யாமலிருந்து, வேறொருவரைச் செய்யச் சொல்வதே நலம் என்பது என் கருத்து.

இன்னொன்று, இதைவிட நுட்பமானது. வார்டு உறுப்பினரிடம் வருவோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். மீனவர் குப்பத்துத் தாய் வருவாள். காலனியிலிருந்து வீட்டுமனைப் பட்டாவுக்காக ஒரு மூதாட்டி வருவாள். மாதாகோயில் தெருவிலிருந்து குழாய்ச் சண்டை வரும். அழைப்புப் பணியில் ஊறிய பெண்மணிக்கு, வந்தவரிடம் மார்க்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நாவு துடிக்கலாம். மனுவோடு வந்து நிற்பவரிடம் அதைச் சொல்லலாகாது என்பேன். கை நீட்டி நிற்பவரிடம் கொள்கை பேசினால், உதவிக்கு அது விலையாகிவிடும். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது திருமறையின் கட்டளை. நிர்ப்பந்தம் என்பது வாளால் மட்டும் வருவதன்று. மாறாக, அந்த மூதாட்டியின் மனுவை முறைப்படி எழுதி, ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பி, கிடைக்க வேண்டியது கிடைத்ததா என்று மறுமாதம் கேட்டுப் பார்த்தால், அந்தப் பெண்மணி யார், ஏன் இப்படி நடக்கின்றார் என்று அவர்களே கேட்கும் காலம் வரலாம், வராமலும் போகலாம். எப்படியாயினும் நீதி நம்மீது கடமை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புகூட உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தில் 5-ஆம் அத்தியாயம் 8-ஆம் வசனம் எச்சரிக்கின்றது. வெறுப்புக்கே இப்படி என்றால், சொந்தத் தெரு மீதுள்ள பாசத்தால் பக்கத்துத் தெருவின் குழாயைத் திருப்பி விடுவதற்கு இடமேது?

மூன்றாவதாக வருவன நடைமுறைக் கேள்விகள். சகோதரிகள் பலர் கேட்பவை; சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன்.

செங்கற்பட்டுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் செல்ல வேண்டும், மஹ்ரமின்றிப் போகலாமா என்கின்றார்கள். ஹனஃபி மத்ஹபில் ஸஃபர் எனப்படும் தொலைவு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். கோவளத்திலிருந்தோ மாமல்லபுரத்திலிருந்தோ செங்கற்பட்டு அதற்கு வெகு உள்ளேயே இருக்கின்றது. அச்சமற்ற வழியாயின் பகலில் சென்று திரும்புவதில் தடையில்லை. இன்னொரு பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொள்வது மேலும் நல்லது. அதிகாரிகளோடு தனியறையில் பேச நேர்ந்தால், கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். எவரும் குறையாகக் கொள்ளமாட்டார்கள்.

கூட்ட நேரத்தில் தொழுகை வந்தால்? லுஹருக்கும் அஸருக்கும் இடையே போதிய நேரம் இருக்கின்றது. அஸர் தவறிவிடும் என்று தோன்றினால் பத்து நிமிடம் கேட்டு எழுந்து செல்வதில் கூச்சம் வேண்டாம். தேநீருக்கு எழுந்து செல்வோர் அவையில் எத்தனையோ பேர்.

பதவியில் இருக்கும்போது கணவர் மறைந்துவிட்டால் இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளில் மன்றக் கூட்டத்துக்குச் செல்லலாமா என்பது கடினமான கேள்வி. ஊரில் ஏச்சுக்குப் பயந்து பதவியையே விட்டுவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. கணவரை இழந்தவர் இத்தாவில் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று இரவில் தன் வீட்டில் தங்கலாம் என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டமே. ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னை தலாக்கின் இத்தாவில் இருந்தபோது தம் ஈச்சந்தோட்டத்தில் கனி பறிக்கப் புறப்பட்டார், ஒருவர் தடுத்தார். அவர் பெருமானாரிடம் வந்து முறையிட, பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதித்ததோடு, அதிலிருந்து தருமமோ வேறு நற்செயலோ அவர் செய்யக்கூடும் என்றும் கூறினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது இது. தன் தோட்டத்துக் கனிக்கே அனுமதி என்றால், ஊர்க் குடிநீருக்குக் கையெழுத்திடப் பகலில் ஒரு மணி நேரம் சென்று வருவதை உள்ளூர் உலமாவிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு செய்யலாம். அலங்காரமின்றி, வேண்டிய அளவுக்கு மட்டும்.

கடைசியாக ஜமாஅத் நிருவாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓதிக்கொடுக்கும் பெண்மணி ஒருவர் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், மாலை மதரஸா நின்றுபோகிறதே என்று அவரைக் குறை கூறுவது வழக்கமாக இருக்கின்றது. பிள்ளைகளின் ஓதல் அவர் ஒருவர் தலைமேல் மட்டும் விழுந்த பாரமா? கூட்டம் இருக்கும் நாள்களில் வகுப்பை நடத்த இன்னொரு பெண்ணை அமர்த்துங்கள். ஊரில் ஓதி முடித்து வீட்டில் இருக்கும் ஆலிமாக்கள் இல்லாமலில்லை. அவர்களுக்கு ஒரு சம்பளமும் கொடுங்கள். பள்ளிவாசலுக்கு வண்ணம் பூசும் செலவில் ஒரு சிறு பகுதிகூட அதற்கு ஆகாது.